பத்திரிகை முதலாளி தூதராகப் போனால்: வால்டர் அனன்பர்க் பற்றி ஓர் இழை

#1 மேசைவிளக்கு

தூதர் பதவியைக் காசு கொடுத்துப் பிடித்தவர்கள் என்று பேச்சு வந்தாலே அமெரிக்கர்கள் முதலில் இழுக்கும் பெயர்களில் ஒன்று வால்டர் அனன்பர்க். ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் நாளிதழின் முதலாளி. 1969 முதல் 1974 வரை லண்டனில் அமெரிக்கத் தூதர். போய் இறங்கியபோது லண்டனே சிரித்தது. கிளம்பியபோது அதே லண்டன் அவரைக் கொண்டாடி வழியனுப்பியது. 1976-ல் எலிசபெத் ராணி அவருக்குக் கௌரவ நைட் பட்டமும் கொடுத்தார். நடுவில் என்ன நடந்தது என்று பேசலாம்.

அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மோசஸ் அனன்பர்க் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். சிகாகோவில் ஹெர்ஸ்ட் பத்திரிகைகளின் சர்குலேஷன் பிரிவில் வளர்ந்தார். அன்றைய சிகாகோவில் சர்குலேஷன் என்றால் அடியாட்களோடு போய்த் தெருமுனையைப் பிடிப்பது. 1922-ல் குதிரைப் பந்தயத் தாளான டெய்லி ரேசிங் ஃபார்மை வாங்கினார், 1936-ல் இன்குவயரரை வாங்கினார். வாங்கிய கையோடு ரூஸ்வெல்ட் ஆட்களைத் திட்டி எழுத ஆரம்பித்தார். 1939-ல் வருமான வரி ஏய்ப்பு வழக்கு வந்தது. அரசியல் பழிவாங்கல் என்று குடும்பம் கடைசிவரை நம்பியது, ஆனால் ஏய்ப்பு நடந்தது உண்மை. மகன் மீதும் குற்றச்சாட்டு இருந்தது. அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார், மகன் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 3 ஆண்டு தண்டனையில் உள்ளே போன மோசஸ் 1942-ல் வெளியே வந்த சில வாரங்களில் இறந்துபோனார்.

ஏழு சகோதரிகளுக்கு ஒரே தம்பியாகவோ அண்ணனாகவோ வளர்ந்த வால்டரின் கையில் 34 வயதில் எல்லாம் வந்து விழுந்தது: பத்திரிகை, வரிக்கடன், கெட்ட பெயர். பிறவியிலேயே வலது காது கேட்காது, பேச்சில் திக்கல் வேறு. தன் செயல்கள் அப்பாவின் நினைவுக்குப் பெருமை சேர்க்கட்டும் என்ற பிரார்த்தனையைப் பலகையில் பொறித்து அலுவலகத்தில் வைத்திருந்தார். லண்டன் பதவிக்கு அவர் ஏன் அவ்வளவு ஏங்கினார் என்பதற்கு அந்தப் பலகையே பதில் என்று நினைக்கிறேன்.

வியாபாரத்தில் அப்பாவையே மிஞ்சினார். 1944-ல் பதின்வயதுப் பெண்களுக்காக செவன்டீன் இதழ். 1953-ல் டிவி கைடு. இது அபாரமான யோசனை. அட்டையும் கட்டுரைகளும் நாடு முழுக்க ஒன்றுதான், நடுப்பக்கங்களில் வரும் நிகழ்ச்சி அட்டவணை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். 1970-களில் வாரம் கிட்டத்தட்ட 2 கோடிப் பிரதி போனது. நிக்சன் அரசியலில் தோற்று ஒதுங்கிக் கிடந்த நாட்களிலும் அவரோடு நட்பு பாராட்டியவர் அனன்பர்க். 1968 தேர்தலில் நிக்சன் ஜெயித்தார், லண்டன் பதவி வந்தது.

கேள்வி இதுதான். பத்திரிகை நடத்திய அனுபவம் அவருக்கு அங்கே உதவியதா, இல்லை பணப்பை மட்டும்தான் உதவியதா?

#2 சந்தேகி

பணப்பை. இதற்கு இழை எதற்கு?

அவருக்கு முன்னால் லண்டனில் இருந்தவர் டேவிட் புரூஸ். பாரிஸ், மேற்கு ஜெர்மனியின் பான், லண்டன் மூன்றிலும் அமெரிக்கத் தூதராக இருந்த ஒரே ஆள். லண்டனில் மட்டும் 8 வருடம். அந்த நாற்காலியில், வெளியுறவில் ஒருநாள் அனுபவம்கூட இல்லாத குதிரைப் பந்தயத் தாள் வாரிசைக் கொண்டுபோய் உட்காரவைத்தார் நிக்சன். செனட் விசாரணையில் வெளியுறவுக் குழுத் தலைவர் ஃபுல்பிரைட் குடைந்தெடுத்ததில் என்ன தப்பு?

#3 பழைய_புரூஃப்

நான் நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துபவனாகக் காலம் தள்ளியவன். ஊர் பெயரும் வேண்டாம், தாள் பெயரும் வேண்டாம். எங்கள் முதலாளிக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் இருப்பவர் செத்தால்கூடச் செய்தி உள்பக்கத்தில் ஒரு பத்திதான். எழுதி ஒட்டிய பட்டியல் இல்லை, எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் அனன்பர்க்கின் இன்குவயரர் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அவரிடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. அவருக்குப் பிடிக்காதவர்களின் பெயர் தாளில் வராது.

1966 கதையை மேசைவிளக்கு சார் விட்டுவிட்டார். பென்சில்வேனியா கவர்னர் தேர்தலில் மில்டன் ஷாப் என்பவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளர். பென்சில்வேனியா ரயில்வேயும் நியூயார்க் சென்ட்ரலும் இணையக் கூடாது என்று பிரசாரம் செய்தார். அந்த ரயில்வேயில் தனிநபர்களில் மிகப் பெரிய பங்குதாரர் யார் தெரியுமா? அனன்பர்க். இன்குவயரர் நிருபர் ஒருவர் ஷாப்பிடம் போய், நீங்கள் எப்போதாவது மனநோய் விடுதியில் இருந்தீர்களா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் ஷாப். அவர் இருந்ததே கிடையாது. மறுநாள் தாளில், மனநோய் விடுதியில் இருந்ததை ஷாப் மறுக்கிறார் என்று செய்தி. அச்சிட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மை, புரூஃப் பார்த்தவன் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. ஷாப் தோற்றார்.

இதன் பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1968-ல் ரயில்வேக்கள் இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. 1970 ஜூனில் திவால். அதே வருடம் மறுபடி நின்ற ஷாப் ஜெயித்துக் கவர்னர் ஆனார். அப்போது அனன்பர்க் லண்டனில் இருந்தார், தாளும் அவர் கையில் இல்லை.

இன்னொன்று. ஹாரி காராஃபின் என்று இன்குவயரரின் பேர்பெற்ற புலனாய்வு நிருபர். உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்று மிரட்டியே ஊரில் பணம் பறித்துக்கொண்டிருந்தார். 1967-ல் ஃபிலடெல்ஃபியா மாத இதழ் ஒன்று அதை அம்பலப்படுத்தியது. பல வருடம் சொந்த ஆபீசுக்குள்ளேயே நடந்ததைக் கவனிக்காத முதலாளி, ஒரு நாட்டின் நிலவரத்தைக் கவனித்துச் சொல்லத் தூதராகப் போகிறார். நல்ல வேடிக்கை.

#4 வடக்குவீதி

ஃபுல்பிரைட் பெயர் வந்ததால் எங்கட பக்கத்துக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். 1957-ல் மக்ஸ்வெல் குளக் என்ற ஆடைக்கடைச் சங்கிலி முதலாளியை ஐசனாவர் இலங்கைக்குத் தூதராக நியமித்தார். குடியரசுக் கட்சிக்கு நல்ல நன்கொடை கொடுத்த ஆள். செனட் குழுவில் இதே ஃபுல்பிரைட் அவரிடம், இலங்கையின் பிரதமர் யார் என்று கேட்டார். ஆளுக்குத் தெரியவில்லை. பெயர் கொஞ்சம் பழக்கமில்லாதது, இப்போது சொல்ல வராது என்ற மாதிரி மழுப்பினார். அப்போது பிரதமர் பண்டாரநாயக்க. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருசம், பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தான அதே கோடை. நாடு எரியத் தயாராக இருந்த நேரத்தில் எங்களுக்கு வாய்த்த தூதர் இவர். செனட் அதற்குப் பிறகும் அவருக்கு ஒப்புதல் கொடுத்தது!

ஆகவே அனன்பர்க்கை ஃபுல்பிரைட் குடைந்ததில் எனக்கு முழுச் சம்மதம். 12 வருசத்துக்கு முதலே அவர் பட்டுத் தெளிந்தவர்.

#5 மேசைவிளக்கு

பழைய_புரூஃப் ஐயா, ஷாப் கதையை நான் மறைக்கவில்லை, யாராவது எடுப்பார்கள் என்று தெரியும். நீங்கள் எடுத்தது இன்னும் நன்றாக இருக்கிறது.

நான் சொல்ல வந்ததே அதன் தொடர்ச்சிதான். 27 வருடம் அந்த மனிதர் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. யார் சீண்டினாலும் மறுநாள் காலையில் தாளில் பதில் சொல்லலாம். லண்டனில் அது இல்லை. தூதர் பதிலே பேசக்கூடாது. வந்திறங்கிய வேகத்தில் அவருக்கு விழுந்த அடியைப் பாருங்கள்.

1969 ஏப்ரலில் ராணியிடம் நியமனப் பத்திரம் கொடுக்கப் போகிறார். அரச குடும்பத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த கேமராக்கள் அங்கே இருக்கின்றன. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்கிற மாதிரி ராணி சாதாரணமாக விசாரிக்கிறார். வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது என்று நாலு வார்த்தையில் முடிக்க வேண்டிய பதிலை, அசௌகரியம், புதுப்பித்தல், புனரமைத்தல் என்று கெஜட் அறிவிப்பு மாதிரி நீட்டி முழக்கிவிட்டார் மனிதர். ஜூனில் படம் ஒளிபரப்பானது. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஊர் முழுக்க அதுவே நக்கல்.

சிரித்த பலருக்கு அவருடைய திக்கல் பற்றித் தெரியாது. சொற்களை முன்கூட்டியே அடுக்கிவைத்து, நீளமான வாக்கியமாகக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே பேச்சைக் கடப்பது அவர் பழக்கம். அந்த மேடையில் அந்தப் பழக்கமே கவிழ்த்துவிட்டது.

அதோடு முதல் பெரிய பேச்சு, பில்கிரிம்ஸ் சங்க விருந்தில். புதுத் தூதர் அங்கே இரு நாட்டு நட்பு பற்றி இனிப்பாகப் பேசிவிட்டு உட்காருவது வழக்கம். இவர் அமெரிக்கக் கல்லூரிகளில் கலாட்டா செய்யும் மாணவர்களைக் கண்டித்து நீளமாக முழங்கினார். இன்குவயரரில் எழுதவேண்டிய தலையங்கத்தை மேடையில் வாசித்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லண்டன் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

அப்புறம் மனிதர் வாயை மூடிக்கொண்டார். என் கணக்கில் அவருடைய தூதர் வாழ்க்கை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேட்டிகளையும் பெரிய பேச்சுகளையும் குறைத்துக்கொண்டு வீட்டைக் கவனித்தார். ரீஜன்ட்ஸ் பார்க்கில் இருக்கும் வின்ஃபீல்டு ஹவுஸ், உல்வொர்த் வாரிசு பார்பரா ஹட்டன் கட்டி, 1946-ல் அமெரிக்க அரசுக்கு 1 டாலருக்குக் கொடுத்த மாளிகை. அதைச் சீர்செய்யத் தன் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் போட்டார். மோனே, ரென்வார், செசான் என்று தன்னிடம் இருந்த ஓவியங்கள் 1969 இலையுதிர் காலத்திலேயே டேட் காட்சிக்கூடத்தில் பொதுமக்களுக்குக் காட்சியாக வைக்கப்பட்டன. யார் வந்தாலும் விருந்து. அவர் மனைவி லியோனோர் விருந்தோம்பலில் கில்லாடி, பின்னாளில் ரீகன் அரசில் அரசுமுறை வரவேற்புத் துறைக்கே தலைவராக இருந்தவர்.

#6 சந்தேகி

அதாவது வாங்கின பதவியை மறுபடி காசு கொடுத்து மெருகேற்றினார். நான் இரண்டாம் பதிவில் சொன்னதைத்தானே பத்து பத்தியில் சொல்கிறீர்கள்?

பிரதமரின் ஓய்வில்லமான செக்கர்ஸில் வெந்நீர் நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. கட்டிக்கொடுத்தது யார்? சாட்சாத் அனன்பர்க். ஹீத் பிரதமராக இருந்தபோது, நிக்சன் அங்கே வந்துபோனதன் நினைவாக. வெளிநாட்டுத் தூதர் ஒருவர் நாட்டின் பிரதமர் வீட்டில் குளம் வெட்டிக்கொடுக்கிறார், எல்லோரும் நன்றி சொல்லி நீந்துகிறார்கள். நம் ஊர் கவுன்சிலர் வீட்டில் ஒப்பந்தக்காரர் போர்வெல் போட்டுக்கொடுத்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

#7 எட்டாம்_பக்கம்

😂😂 போர்வெல்

#8 வரைபடப்பிரியன்

சந்தேகி கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை அவர் எடுக்கவில்லை. அனன்பர்க் காலத்தில் லண்டன் தூதரகத்துக்குப் பெரிய வேலையே கொடுக்கப்படவில்லை. நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரும் தூதரகங்களை ஒதுக்கிவிட்டு நேரடி ரகசியப் பாதையில் பேசினார்கள். பிரிட்டன் விஷயத்தில் கிசிஞ்சர் அமைச்சரவைச் செயலாளர் பர்க் டிரெண்டோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தார். 1973-ஐ ஐரோப்பாவின் ஆண்டு என்று அறிவித்து கிசிஞ்சர் ஐரோப்பாவையே எரிச்சல்படுத்தினார். அதே வருட அக்டோபரில் நடந்த அரபு–இஸ்ரேல் போரில் அமெரிக்கா அணு ஆயுத எச்சரிக்கை நிலையை உயர்த்தியபோது கூட்டாளிகளைக் கேட்கவே இல்லை. ஹீத் கடும் கோபத்தில் இருந்தார். இதிலெல்லாம் தூதர் எங்கே? விருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, நல்ல தூதர் என்று பெயர் வாங்கினாரே, அது சுலபமான தேர்வில் வாங்கின மார்க். கேள்வித்தாளே வாஷிங்டனில் வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பிட ஒருவரைச் சொல்கிறேன்: ஜோசபஸ் டேனியல்ஸ். வட கரோலினாவின் ராலே நியூஸ் அண்ட் அப்சர்வர் நாளிதழின் முதலாளியும் ஆசிரியரும். இவரும் பழுத்த கட்சிக்காரர். வில்சன் அரசில் கடற்படை அமைச்சர், அப்போது இவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1914-ல் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்தைக் கைப்பற்ற உத்தரவு போனதே, அது இவர் கடற்படைக்குத்தான். 1933-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானதும் இவரை எந்த நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்? அதே மெக்சிகோவுக்கு! நியமனச் செய்தி வந்ததும் மெக்சிகோ நகரில் தூதரகத்தின் மீது கல் விழுந்தது.

ஆனால் 1938 மார்ச் 18-ல் மெக்சிகோ ஜனாதிபதி கார்டெனாஸ் எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது டேனியல்ஸ் நடந்துகொண்ட விதம்தான் முக்கியம். வெளியுறவு அமைச்சர் ஹல் அனுப்பிய கடிதம் படு காட்டம். அதைக் கையில் கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் உறவு முறியும். கொடுத்தார். கொடுத்துவிட்டு, இதை வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மெக்சிகோ வெளியுறவு அமைச்சரிடம் ஒத்துக்கொண்டார். எண்ணெய் நிறுவனங்கள் குதித்தன. பிரச்சினை போரிலோ முறிவிலோ முடியாமல் 1941 இறுதியில் ஒப்பந்தத்தில் முடிந்தது. ஒரு காட்டமான பத்தியை எப்போது அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று தெரிந்த ஆசிரியரின் வேலை அது. குளம் வெட்டினதைவிட ஆயிரம் மடங்கு பெரியது.

#9 பழைய_புரூஃப்

டேனியல்ஸை ரொம்பத் தூக்க வேண்டாம் தம்பி. 1898-ல் வில்மிங்டன் நகரில் கறுப்பின மக்களைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்தார்களே, அதற்கு முந்தைய மாதங்களில் வெறுப்பை ஊட்டிய தாள்களில் முன்வரிசை இவருடைய நியூஸ் அண்ட் அப்சர்வர். கேலிச்சித்திரம் போட்டே தீ மூட்டினார்கள். ராலேயில் இருந்த அவர் சிலையை 2020 ஜூனில் குடும்பத்தாரே முன்வந்து அகற்றிவிட்டார்கள்.

மெக்சிகோவில் ஒரு பத்தியை நிறுத்தியது சரி. சொந்த ஊரில் நிறுத்த வேண்டிய பத்திகளை நிறுத்தவில்லையே.

#10 வரைபடப்பிரியன்

மறுக்கவே இல்லை ஐயா. அதையும் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பத்திரிகை முதலாளியாக மகா மோசம், தூதராகச் சாதனை. அனன்பர்க்கிடமும் இதே வடிவம்தான் இருக்கிறது, அளவு சின்னது. தாள் கையில் இருக்கும்வரை ஒரு ஆள், கையை விட்டுப் போனதும் வேறு ஆள்.

#11 தாள்வண்டி

தாள் கையை விட்டுப் போன கதையை யாரும் சொல்லவில்லையே.

தூதராகப் போன அதே 1969-ல் இன்குவயரரையும் ஃபிலடெல்ஃபியா டெய்லி நியூஸையும் சேர்த்து நைட் என்ற பத்திரிகை நிறுவனத்துக்கு 5.5 கோடி டாலருக்கு விற்றார். நைட் ஆட்கள் 1972-ல் ஜீன் ராபர்ட்ஸ் என்பவரை ஆசிரியராகக் கொண்டுவந்தார்கள். அவர் இருந்த 18 வருடத்தில் அந்தத் தாள் 17 புலிட்சர் பரிசு வாங்கியது! அதே கட்டடம், அதே ஊர். ஃபிலடெல்ஃபியா வாசகர்களுக்கு அனன்பர்க் செய்த மிகப் பெரிய உபகாரம் லண்டனுக்குக் கப்பல் ஏறியதுதான் என்று நான் சொல்வேன்.

ஆனால் கவனியுங்கள், டிவி கைடை விற்கவில்லை. தூதராக இருந்த காலம் முழுக்க அது அவருடைய சொத்து. நாட்டில் மிக அதிகமாக விற்கும் வார இதழின் முதலாளி, அதே நாட்டின் அரசு ஊழியர். நிக்சன் அரசு தொலைக்காட்சிச் செய்திகளோடு மல்லுக்கட்டிய வருடங்கள் அவை. இன்று யாராவது இப்படி இருந்தால் விடுவோமா? 1988-ல் டிவி கைடு உள்ளிட்ட டிரையாங்கிள் நிறுவனத்தை ரூபர்ட் முர்டாக்கிடம் சுமார் 300 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார். அட்டவணை அச்சடித்து விற்கும் காலம் முடிகிறது என்று மோப்பம் பிடித்த மூக்கு அது. அந்த மூக்குக்கு நான் தலைவணங்குகிறேன், மற்றதற்கெல்லாம் இல்லை.

#12 நதிமூலம்

லண்டன் தூதர் பதவிக்கும் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழுக்கும் ஒரு ஜாதகப் பொருத்தமே இருக்கிறது.

ஒயிட்லா ரீட், டிரிப்யூனின் ஆசிரியர்-முதலாளி. 1889-ல் பாரிஸுக்கு அமெரிக்கப் பிரதிநிதி, 1892-ல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோல்வி, 1905-ல் லண்டன் தூதர். டார்செஸ்டர் ஹவுஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ராஜபோகமாக இருந்தார், 1912 டிசம்பரில் பதவியிலேயே இறந்தார். அவரிடம் டிரிப்யூனில் தலையங்கம் எழுதிய ஜான் ஹே, 1897-ல் லண்டன் தூதர், பிறகு வெளியுறவு அமைச்சர். அந்த ஜான் ஹேயின் மகள்வழிப் பேரன் ஜாக் விட்னி 1957-ல் லண்டன் தூதர். விட்னி என்ன செய்தார் தெரியுமா? தூதராக இருந்துகொண்டே 1958-ல் ரீட் குடும்பத்திடமிருந்து அதே தாளை, அப்போது அதன் பெயர் ஹெரால்ட் டிரிப்யூன், வாங்கினார். எல்லோரும் பத்திரிகையிலிருந்து தூதர் பதவிக்குப் போனால் இவர் தலைகீழாக வந்தார். தாள் அருமையாக இருந்தது, பணத்தைத் தின்றது, 1966-ல் மூடப்பட்டது.

இவ்வளவு பேரும் கோடீசுவரர்களாக இருப்பதற்கு ஒரு மொக்கைக் காரணம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. லண்டன், பாரிஸ் தூதர்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் விருந்துபசாரப் படி அங்கே ஆகும் செலவுக்குக் காணாது. சம்பளத்தை நம்பி வாழும் அதிகாரி அந்த வீட்டை நடத்தினால் கடனாளியாகிவிடுவார். காங்கிரஸ் அந்தப் படியை ஏற்றிக் கொடுத்திருந்தால் அனன்பர்க்குகள் பாதிப் பேர் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

#13 சந்தேகி

நதிமூலம் சொன்னது நல்ல தகவல், ஆனால் அதையே சாக்காக வைத்துத்தானே ஏலம் போடுகிறார்கள். நிக்சனின் சொந்த வக்கீல் ஹெர்பர்ட் காம்பாக் 1974-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று என்ன? 1 லட்சம் டாலர் நன்கொடைக்கு ஈடாக ஐரோப்பாவில் நல்ல தூதர் பதவி தருவதாக வாக்களித்தது. அனன்பர்க் மீது அப்படி வழக்கு எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூதராக இருந்துகொண்டே 1972 தேர்தலுக்கு நிக்சனுக்கு 2.5 லட்சம் டாலர் அளவில் கொடுத்திருக்கிறார்.

1980-ல் வெளியுறவுப் பணிச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: தேர்தல் நன்கொடை தூதர் நியமனத்தில் ஒரு காரணியாக இருக்கக் கூடாது. அந்த வரியைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு லண்டனுக்குப் போனவர்கள் பட்டியலையும் படித்தால் நன்றாகத் தூக்கம் வரும்.

#14 வடக்குவீதி

எல்லோரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். பத்திரிகையிலிருந்து ராஜதந்திரத்துக்குப் போனவர்களில் எங்கட வாழ்க்கையைத் தொட்டவர் ஒருவர் இருக்கிறார். ஜி. பார்த்தசாரதி.

1936-லிருந்து தி இந்துவில் துணையாசிரியர், பிறகு பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் லண்டன் பிரதிநிதி. மெட்ராஸ் அணிக்கு ரஞ்சியும் விளையாடியவர். தகப்பனார் என். கோபாலசாமி ஐயங்கார், காஷ்மீரின் பழைய திவான், அரசியல் நிர்ணய சபையில் 370-ஆம் பிரிவைக் கொண்டுவந்தவர். 1954-ல் இந்தோசீனா கண்காணிப்புக் குழுவுக்கு நேரு இவரை எடுத்தார். பிறகு இந்தோனேசியா, சீனா, பாகிஸ்தான், ஐ.நா. சீனாவில் இருந்தது 1958 தொடக்கம் 1961 வரை, எல்லைப் பிரச்சினை முற்றின காலம். நடுவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1975 காஷ்மீர் உடன்பாட்டுக்கான பேச்சை இந்திரா பக்கத்தில் நடத்தினவரும் இவர்தான்.

83 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இந்திரா இவரைக் கொழும்புக்கு அனுப்பினார். ஜனாதிபதி ஜெயவர்த்தனவோடும் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களோடும் மாறி மாறிக் கதைத்து, அனெக்ஸர் சி என்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். ஒரு மாகாணத்துக்குள் இருக்கும் மாவட்ட சபைகளை இணைத்துப் பிராந்திய சபை என்பதுதான் அதன் சாரம். 84 சர்வகட்சி மாநாட்டில் அது கரைந்துபோனது. அவர் தமிழர் என்பதாலேயே கொழும்பில் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். 85-ல் ரஜீவ் அந்தப் பொறுப்பை ரொமேஷ் பண்டாரியிடம் கொடுத்தார். எங்கட சனம் அந்தத் தாளை இன்றைக்கும் மறக்கவில்லை.

இவர் ஒரு விருந்தும் வைக்கவில்லை, ஒரு மாளிகையும் புதுப்பிக்கவில்லை. பேட்டியும் அபூர்வம்.

#15 மேசைவிளக்கு

வடக்குவீதி, இது இந்த இழைக்குத் தேவையான பதிவு. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஜி.பி. எழுத்து மேசையிலிருந்து போனவர், முதலாளி மேசையிலிருந்து இல்லை. இந்தியா அனுப்பியவர்கள் பெரும்பாலும் அந்த வகை. கே.எம். பணிக்கர் 1924-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் டைம்ஸின் ஆரம்பகால ஆசிரியர், பிறகு சீனாவில் தூதர். குல்தீப் நய்யார் 1990-ல் லண்டனில் ஹைகமிஷனர். எச்.கே. துவா டென்மார்க்கில். யாருக்கும் அச்சகம் சொந்தமில்லை.

பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டி சூ என்லாய் அவரை எழுப்பிக் கூப்பிடுகிறார். கொரியாவில் அமெரிக்கப் படை 38-ஆம் இணைகோட்டைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்கிறார். பணிக்கர் அதை உடனே டெல்லிக்கு அனுப்புகிறார், அங்கிருந்து லண்டன், வாஷிங்டன் போகிறது. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர் என்று அமெரிக்கர்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். அந்த மாதமே சீனப்படை யாலு ஆற்றைத் தாண்டியது. ஒருவர் சொன்னதைக் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல், நேரத்துக்கு அனுப்புவது நிருபர் வேலை. அனன்பர்க்கை நடு ராத்திரி எழுப்பிச் சொல்ல லண்டனில் யாருக்கும் எதுவும் இருக்கவில்லை, வரைபடப்பிரியன் சொன்ன அதே காரணத்தால்.

அதனால் என் கேள்விக்கு நானே கிடைத்ததைச் சொல்கிறேன். பத்திரிகை ஆள் என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. நிருபர் மேசையிலிருந்து போனவர் தகவல் அனுப்புவார். ஆசிரியர் மேசையிலிருந்து போனவர் எதை நிறுத்தி வைப்பது என்று அறிவார், டேனியல்ஸ் மாதிரி. முதலாளி மேசையிலிருந்து போனவருக்குத் தெரிந்தது விளம்பரதாரரையும் வாசகரையும் வீட்டுக்கு அழைத்து மகிழ்விப்பது. அனன்பர்க் அதைத்தான் செய்தார், அதை நன்றாகவே செய்தார். அவரிடம் புரூஸை எதிர்பார்த்தது அனுப்பியவரின் தப்பு.

#16 பழைய_புரூஃப்

பிரிவினை அழகாக இருக்கிறது சார், ஆனால் நய்யாரும் ரீட்டும் இதில் எந்தப் பெட்டியிலும் அடங்க மாட்டார்கள். நய்யார் லண்டனில் இருந்தது சில மாதம்தான், டெல்லியில் வி.பி. சிங் ஆட்சி போனதும் பதவியும் போனது. ரீட் நிருபராக உள்நாட்டுப் போர்க்களத்துக்கே போனவர், கடைசியில் மாளிகை வாடகைக்கு எடுத்து விருந்து வைத்தார். மேசையை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. யார் அனுப்பினார், எதற்கு அனுப்பினார் என்று பாருங்கள்.

#17 எட்டாம்_பக்கம்

சன்னிலேண்ட்ஸ் இவர் வீடுதானே?

#18 தாள்வண்டி

ஆமாம், கலிபோர்னியாவில் ரேஞ்சோ மிராஜில். பாலைவனத்தில் புல்தரை போட்டு, குளம் வெட்டி, கோல்ஃப் மைதானம் வைத்துக் கட்டின பங்களா. பதவியை ராஜினாமா செய்த நிக்சன் 1974-ல் அங்கே வந்து தங்கினார். ரீகன் வருடப் பிறப்புக்கு முந்தைய இரவுகளை அங்கே கழிப்பார். எலிசபெத் ராணி 1983-ல் வந்தார். வால்டர் 2002-ல் 94 வயதில் இறந்தார், லியோனோர் 2009-ல். இப்போது அது அவர்கள் அறக்கட்டளையின் கையில் மாநாட்டு இல்லமாக இருக்கிறது. 2013 ஜூனில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் இரண்டு நாள் அங்கேதான் பேசினார்கள்.

அவருடைய ஓவியங்கள் எல்லாம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. 1993-ல் அரசுப் பள்ளிகளுக்காக 50 கோடி டாலர் கொடுத்தார்.

#19 சந்தேகி

சரி, அந்த 50 கோடிக்கு என்னிடம் பதில் இல்லை. குளத்தை மட்டும் விட மாட்டேன்.

#20 வரைபடப்பிரியன்

அடுத்து ஜாக் விட்னிக்குத் தனி இழை யாராவது தொடங்குங்கள். தூதராக இருந்துகொண்டு தாள் வாங்கியதை வெளியுறவுத் துறை எப்படி ஒப்புக்கொண்டது என்று நதிமூலத்திடம் கேட்க நிறைய இருக்கிறது.